சட்டைப்பைக்குள் அடங்கும் வேகமான டிஜிட்டல் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் கேமரா வாங்க ஈப்போவுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் இணையத்தில் தட்டிவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், காலை ஆறு மணிக்குப் பால்மரக் காடு என்று நாம் எடுக்கும் படங்களில் பாதி, அசையும் ஆட்களும் குறைந்த வெளிச்சமும்தான். கீழே உள்ள பதில்கள் அதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கடையில் “வேகமான கேமரா” என்கிறார்களே, எந்த வேகத்தைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் ஒரு வினாடிக்கு எத்தனை படம் என்பதை. பெட்டியின் மேல் 10, 20 என்று பெரிதாக அச்சடித்திருப்பது அதுதான். ஆனால் தருணம் தவறிப்போவது வேறு மூன்று இடங்களில். பவர் பட்டனை அழுத்தியதும் லென்ஸ் வெளியே வந்து தயாராக ஆகும் நேரம். ஃபோகஸ் பிடிக்கும் நேரம். ஒரு படம் எடுத்தபின் அடுத்த படத்துக்கு விடும் இடைவெளி. வினாடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா முதல் படத்துக்கே அரை வினாடி யோசித்தால், அந்த இருபதும் நடந்து முடிந்ததைத்தான் காட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறான். 0.3 வினாடி தாமதம் என்றால் அவன் 1.8 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். 28 மி.மீ கோணத்தில் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்), 3 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் படச்சட்டத்தின் மொத்த அகலமே 3.9 மீட்டர்தான். பையன் நடுவில் இருக்கும்போது அழுத்தினால் படத்தில் அவன் ஓரத்தில் இருப்பான். முடிவுக்கோட்டுப் படங்களில் வெறும் நாடா மட்டும் தெரிவதன் காரணம் இதுவே.

இந்தத் தாமதத்தைக் கடையிலேயே அளக்க முடியுமா?

முடியும். கைப்பேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம் போதும்.

கடிகாரத்தை ஓடவிட்டு, கைப்பேசியை ஒரு மீட்டர் தள்ளி நிற்கவையுங்கள். முதலில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்துப் பச்சைக் கட்டம் வந்ததும் அப்படியே பிடித்திருங்கள். கடிகாரம் 10.00 காட்டும்போது முழுவதும் அழுத்துங்கள். படத்தைத் திறந்து பார்த்தால் 10.08 என்பதுபோல் ஏதாவது இருக்கும். அதில் உங்கள் கையின் தாமதமும் சேர்ந்திருக்கிறது.

அடுத்து, கேமராவைத் தூரச் சுவரின் பக்கம் திருப்பி அங்கே ஃபோகஸ் பிடிக்க வையுங்கள். பிறகு கடிகாரத்தின் பக்கம் திரும்பி, பாதி அழுத்தாமல் 20.00-இல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். படத்தில் 20.45 என்று இருந்தால், முதல் சோதனையில் வந்த 0.08-ஐக் கழித்துவிடுங்கள். மிஞ்சும் 0.37 வினாடிதான் ஃபோகஸுக்குப் போகும் நேரம். இரண்டு முறையும் அழுத்தியது அதே கை என்பதால் அதன் தாமதம் கழிந்துவிடும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால் கடைசி இலக்கம் சற்றுக் குழம்பித் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கள் கணக்கில் 0.2 வினாடிக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கடை விளக்கு மிகப் பிரகாசம், கைப்பேசித் திரையும் பளிச்சென்ற எழுத்து. எந்தக் கேமராவும் அதில் சுலபமாக ஃபோகஸ் பிடித்துவிடும். ஆகவே திரை வெளிச்சத்தைக் குறைத்து, கடையின் இருட்டு மூலையில் ஒரு முறை, ஜூமை முழுக்க இழுத்துவிட்டு ஒரு முறை என்று மறுபடி அளந்து பாருங்கள். பல கேமராக்களின் சாயம் அங்கேதான் வெளுக்கும். அடுத்தது தொடக்க நேரம்: கேமராவை அணைத்துவைத்து, கடிகாரம் 30.00 காட்டும்போது பவரை அழுத்தி, படம் விழும்வரை ஷட்டரை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டே இருங்கள். ஜூம் லென்ஸ் வெளியே நீள வேண்டிய கேமராக்களில் ஒன்றரை, இரண்டு வினாடி ஆவது சாதாரணம்.

கடைக்காரர் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றால், காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவில் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

கைப்பேசியே சட்டென்று எடுக்கிறதே, கேமரா எதற்கு?

பகல் வெளிச்சத்தில் கைப்பேசி வேகமானதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. கேமரா செயலி திறந்திருக்கும்போதே அது படங்களைத் தொடர்ந்து சேமித்துக்கொண்டிருக்கும். நீங்கள் தொட்ட நொடிக்கான படத்தை அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

இருட்டிய பிறகு கதை மாறுகிறது. வெளிச்சம் போதாதபோது கைப்பேசி பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கும் கோபுரம் அழகாக வரும். ஆடும் காவடிக்காரரின் கை கரைந்துபோகும். கைப்பேசியின் எல்இடி விளக்கு அசைவை உறையவைக்காது. கேமராவின் செனான் ஃபிளாஷ் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே மின்னக்கூடியது. அதனால் கிட்டத்தில் ஆடுபவரின் முகம் கூர்மையாக வரும். ஒளியியல் ஜூமும் இன்னொரு காரணம். இந்த இரண்டும் தேவைப்படாதவர் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

மெகாபிக்சல் பார்க்க வேண்டுமா, சென்சார் அளவைப் பார்க்க வேண்டுமா?

சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் தகடு. மலிவான பாக்கெட் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. “1 அங்குலம்” என்று விற்கப்படுவது 13.2 × 8.8 மி.மீ, பரப்பளவில் நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர் வரிசையில் உள்ள ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் அதைப்போல் மூன்று மடங்கு. பரப்பு கூடக் கூட, அதே இருட்டில் ஷட்டரை வேகமாக வைக்கலாம். ஆக, சென்சார் அளவும் ஒரு வேக விஷயம்தான்.

சரி, எந்த மாடல்?

எதை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012-இல் தொடங்கியது. எல்லாமே 1 அங்குலச் சென்சார்தான். ஆனால் முதல் நான்கு மாடல்களும் வெளிச்ச மாறுபாட்டைத் தேடி, முன்னும் பின்னும் ஓடி ஃபோகஸ் பிடிப்பவை. 2016-இல் வந்த மார்க் 5-இலிருந்துதான், எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் பேஸ் டிடெக்ஷன் வந்தது. ஓடும் பிள்ளைகளை எடுக்க மார்க் 5-க்குக் கீழே இறங்காதீர்கள். நிற்பதை எடுக்க மட்டும் என்றால் மார்க் 3-உம் நல்ல கேமரா.

மார்க் 5-ஏ (மார்க் 5-இன் புதுப்பித்த வடிவம்), மார்க் 7 இரண்டுக்கும் நடுவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மார்க் 7-இன் ஜூம் 24–200 மி.மீ, பள்ளித் திடலின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஓட்டக்காரரை எடுக்கலாம். ஆனால் லென்ஸின் மிக அகலத் திறப்பு எஃப்/2.8 (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). மார்க் 5-ஏ 70 மி.மீ-இலேயே நின்றுவிடும். பதிலுக்கு அதன் திறப்பு எஃப்/1.8, அகலக் கோணத்தில் ஏறத்தாழ 2.4 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பகல் திடலுக்கு மார்க் 7, இரவுக் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மார்க் 5-ஏ. விலை கூடியது எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்து மார்க் 7 வாங்கிப்போய் இரவுத் திருவிழாவில் திண்டாடுவது வழக்கமாக நடப்பது.

ரிக்கோ ஜிஆர் 3: ஜூம் கிடையாது, 28 மி.மீ கோணம் மட்டும். ஃபிளாஷும் இல்லை. பவர் அழுத்தி 0.8 வினாடியில் தயாராகிறது என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. 257 கிராம், 3.3 செ.மீ தடிப்பு, சிலுவார் பையில் நிஜமாகவே போகும். மார்க் 7 302 கிராம், 4.3 செ.மீ, அது சட்டைப்பையை இழுத்துத் தொங்கவிடும். ஆட்களுக்கு அருகில் போய் எடுக்கக் கூச்சப்படாதவர்களுக்கு ஜிஆர் 3-ஐ மிஞ்ச ஆளில்லை. கூச்சம் உள்ளவர்கள் 40 மி.மீ கோணமுள்ள ஜிஆர் 3எக்ஸ் பார்க்கலாம்.

கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3: 24–100 மி.மீ, எஃப்/1.8–2.8. தோல் நிறம் அழகாக வரும், திரை மேலே மடங்கும். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும் பழைய முறை. இங்கே கேட்கப்படும் வேகத்துக்கு அது இரண்டாம் இடம்தான்.

கேனன் எஸ்எக்ஸ்740 போன்ற 40 மடங்கு ஜூம் கேமராக்கள் குருவி, நிலா எடுக்க. நிலாவைத் தவிர வேறெதற்கும் மாலை ஏழு மணிக்கு மேல் அவற்றை எடுக்காதீர்கள்.

இணையத்தில் இருநூறு முந்நூறு வெள்ளிக்கு “48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்” என்று வருகிறதே?

வேண்டாம். ஜூம் டிஜிட்டல், அதாவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. 48 மெகாபிக்சல் என்பதும் சிறிய படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கியது. லென்ஸைச் சுற்றி மி.மீ அளவும் எஃப் எண்ணும் அச்சிடப்படாத கேமரா என்றால் தள்ளிவையுங்கள்.

பழைய கேனன் ஐக்சஸ், சோனி சைபர்ஷாட் கேமராக்களை எல்லாம் இப்போது இளைஞர்கள் தேடுகிறார்களே, வாங்கலாமா?

அந்த நிறத்துக்காக வாங்கலாம், வேகத்துக்காக அல்ல. கார்டு ஒரு தலைவலி. 2006-க்கு முந்தைய கேமராக்கள் பலவும் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது. பழைய ஒலிம்பஸ், ஃபூஜி கேமராக்கள் எக்ஸ்டி கார்டு கேட்கும், பழைய சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். கார்டோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும் விலை பேசுங்கள்.

வாங்கிய கேமரா மெதுவாக இருக்கிறது. அமைப்புகளை மாற்றி வேகப்படுத்த முடியுமா?

நிறையவே முடியும். கடையிலிருந்து வரும்போது உள்ள அமைப்பு நிதானமாகப் படம் எடுப்பவர்களுக்கானது.

முதலில் சிவப்புக் கண் நீக்கத்தை அணையுங்கள். அது இருந்தால் கேமரா முதலில் ஒரு முறை மின்னி, ஏறத்தாழ ஒரு வினாடி கழித்துத்தான் உண்மையான படத்தை எடுக்கும். முதல் மின்னலிலேயே எல்லாரும் தலையைத் திருப்பிவிடுவார்கள். குடும்பப் படங்கள் கெடுவது பாதி இதனால்தான். எடுத்த படத்தை உடனே திரையில் காட்டும் வசதியையும் அணையுங்கள். ஃபோகஸ் பகுதியை “அகலம்” என்பதிலிருந்து நடுப்புள்ளிக்கு மாற்றுங்கள். அகலத்தில் விட்டால் கேமரா முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் தொங்கும் தோரணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தானியங்கு ஐஎஸ்ஓவில் (கேமராவே ஒளி உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நிர்ணயிக்கும் வசதி இருந்தால் 1/250 வினாடி வையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டர் முன்னுரிமை நிலைக்குப் போய், ஓட்டத்துக்கு 1/500 முதல் 1/1000, காவடி ஆட்டத்துக்கு 1/250, உட்கார்ந்து பேசுபவர்களுக்கு 1/125. வினாடிக்கு 6 மீட்டர் ஓடுபவர் 1/60-இல் 10 செ.மீ நகர்ந்துவிடுவார், 1/500-இல் 1.2 செ.மீ மட்டுமே. கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இதற்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஓடுபவரை அல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் விரலில் இருக்கிறது. பாதி அழுத்திக் காத்திருந்து, தருணம் வந்ததும் மீதியை அழுத்துவது. முடிவுக்கோட்டில் நிற்கும் ஆசிரியரின் மேல் ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டால், பையன் நாடாவைத் தொடும்போது எந்தத் தாமதமும் இல்லை.

ஃபோகஸ் பிடிப்பதையே முழுதாகத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு. தூரத்தை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டால் கேமரா எதையும் தேடாது, அழுத்தியதும் படம்.

ரிக்கோ ஜிஆரில் இதற்கென்றே ஸ்னாப் ஃபோகஸ் உண்டு. தூரத்தை 2.5 மீட்டருக்கு வைத்து, திறப்பை எஃப்/5.6 வைத்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் முதல் 12 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எஃப்/8 என்றால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை. 1 அங்குலச் சென்சார் கேமராவை 28 மி.மீ கோணத்தில் கைமுறை ஃபோகஸில் 2.5 மீட்டருக்கு வைத்தால் எஃப்/4-இலேயே அந்த அளவு கிடைத்துவிடும். சிறிய சென்சாரின் சில நன்மைகளில் இது ஒன்று. 2.5 மீட்டர் என்பது சாதாரண நடையில் மூன்று, நான்கு எட்டு. ஊர்வலத்தில் ரதத்துக்கும் ஓரத்தில் நிற்பவருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அவ்வளவுதான். கேமராவை அணைத்துப் போட்டால் கைமுறைத் தூரம் அழிந்துவிடுகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். அழிந்தால் ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டிவரும். வைத்த பயன் போய்விடும்.

தைப்பூசம், தீமிதிக்குக் கொண்டுபோனால் கேமரா கெடுமா?

கெடலாம். நீளும் லென்ஸ் வெளியே வரும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கிறது. ஈப்போ கல்லுமலைக் கூட்டத்தில் அந்தக் காற்றில் திருநீறு இருக்கும், தீமிதிக் குழியருகே சாம்பல் இருக்கும். உள்ளே போன தூசு சென்சாரில் ஒட்டினால் வானம் தெரியும் படங்களில் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும். ஜிஆர் 3-க்கும் இந்தக் குறை உண்டு, அதற்குத் தூசித் தடுப்பு கிடையாது. தேவையில்லாமல் அணைத்து அணைத்துத் திறக்காதீர்கள். ஓய்வில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். தேங்காய் உடைக்கும் இடத்தில் தெறிக்கும் நீரை உடனே ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்தால் லென்ஸ் குழாய் பிசுபிசுத்துச் சிக்கிக்கொள்ளும்.

சாம்பிராணிப் புகையிலும் திருநீறு பறக்கும்போதும் ஃபிளாஷ் போடக் கூடாது. அருகிலுள்ள துகள்கள்தான் முதலில் வெளிச்சம் வாங்கும். படம் முழுக்க வெள்ளைப் பொட்டு.

மண்டபத்தில் எடுத்த படங்களில் கோடு கோடாக விழுகிறது. பழுதா?

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் மங்கிய வரியும் எரிந்த வரியும் மாறி மாறி விழுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். அது போதாவிட்டால் 1/100 அல்லது 1/50 வையுங்கள்.

மெமரி கார்டு எது?

பெயர்பெற்ற நிறுவனத்தின் 64 ஜிபி, வி30 குறியுள்ளது. வி30 என்றால் வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். மெதுவான கார்டு போட்டால் பத்துப் படம் தொடர்ந்து எடுத்தபின் கேமரா கை கட்டி நிற்கும். பாசார் மாலாமில் வாங்கிய கார்டு என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓட்டி, முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு 64 ஜிபி என்று காட்டும். உள்ளே 8 இருக்கும். அதற்கு மேல் எடுத்த படம் எல்லாம் போச்சு.

பேட்டரி எத்தனை படம் தாங்கும்?

குறைவுதான். நிறுவனங்களின் அளவுப்படி ஜிஆர் 3 ஏறத்தாழ 200, ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஏறத்தாழ 260. ஒரு நாள் திருவிழாவுக்கு இரண்டு பேட்டரி கட்டாயம். காடியின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டால் பேட்டரி உப்பும். உப்பியதைத் திணித்தால் வெளியே எடுக்க வராது.

விடியற்காலையில் கேமராவை எடுத்தால் லென்ஸ் பனி மூடுகிறது. என்ன செய்வது?

குளிர்சாதன அறையிலோ காடியிலோ 20 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடி, ஈரம் நிறைந்த தோட்டத்துக் காற்றைத் தொட்டதும் நீர் படிகிறது. துடைக்காதீர்கள், மறுபடி மூடும். வெளியே கொண்டுவரும் முன்பே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுங்கள்; நீர் பையின் வெளிப்பக்கம் படியும். இரவே கேமராவைக் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைப்பது இன்னும் சுலபம்.

நீண்டநாள் எடுக்காமல் அலமாரியில் துணியோடு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், கூடவே சிறிய ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம்.

பழைய கேமராவைக் கையில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பத்து முறை அணைத்துத் திறங்கள். லென்ஸ் ஒரு முறை திக்கினாலும் வேண்டாம். காதருகே வைத்து ஜூமை இழுங்கள், நறநறவென்றால் மணல். கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. வெள்ளைச் சுவரை எஃப்/11-இல் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் சென்சார் தூசு தெரியும். பேட்டரி மூடியின் உள்ளே பச்சையோ துருவோ இருந்தால் தண்ணீரில் விழுந்தது.

ஜப்பானிலிருந்து வரும் சோனி செட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும், மாற்ற முடியாது. வாங்கும் முன் மொழித் தெரிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு நீர்புகாக் கேமரா வாங்கலாமா?

ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பின் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 இரண்டும் 15 மீட்டர் ஆழம் தாங்கும். லென்ஸ் வெளியே நீளாது, ஆகவே தூசும் போகாது. பூச்சியையும் பூவையும் ஒட்டி நின்று எடுக்க அருமை. சென்சார் மட்டும் சின்னது, 1/2.3 அங்குலம். செம்பனைக் காட்டில் அடைமழையில் வேலை செய்பவருக்கு இதுதான் சரி, இரவுக் கோயிலுக்கு இது போதாது. பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் நீர் இறங்கும்; ஆற்றில் இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் துடைத்து மூடுங்கள்.